முதற் கயாக் வாங்கும் அன்பருக்கு

தூண்டிலைக் கையில் எடுத்தவன் மீனைப் பிடிப்பதற்கு முன்பாகவே, தூண்டில் அவனைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அவனுக்கு விடுதலை கிடையாது. புனே நகரில் குடியேறிய நாள் முதலாக இதற்கு நானே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காப்பியைக் குடித்துவிட்டு அணைக்கட்டின் கரையில் போய் அமர்ந்தால், உச்சிப்பொழுது வரையில் அலுவலகமும் வீட்டு வாடகையும் மறந்துபோகின்றன.

ஆனால் கரையில் அமர்ந்திருப்பவனுக்கு என்றும் ஒரு குறை உண்டு. மீன் துள்ளுவதெல்லாம் அவனுடைய தூண்டில் எட்டாத இடத்தில்தான்! எதிர்க்கரை நாணலோரத்தில் ஒரு விரால் வாலை அடித்துவிட்டு மறைகிறது. நடு நீரில் ஒரு கட்லா புரள்கிறது. 'அங்கே போய்விட முடியுமானால்!' என்று மனம் ஏங்குகிறது. அந்த ஏக்கத்திலிருந்து பிறப்பதுதான் கயாக் என்னும் சிறு படகு வாங்கும் ஆசை.

அண்மையில் நம் அன்பர்கள் சிலர் என்னிடம், "முதன்முதலாக ஒரு கயாக் வாங்கலாமென்று எண்ணுகிறேன், எதை வாங்கலாம்?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைக் காட்டிலும், எல்லோருக்குமாக எழுதிவிடுவது நலம் என்று தோன்றியது. இது வல்லுநன் கூறும் உபதேசமன்று; சூடு பட்டவன் சொல்லும் வார்த்தை. ஆகையால் சூடு பட்ட கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் படகின் கதை

என் மைத்துனன் எங்களுடன் இருந்துகொண்டு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். இரண்டு வருஷச் சேமிப்பைப் போட்டு அவன் ஒரு கயாக் வாங்கினான். நீண்டு மெலிந்த மஞ்சள் நிறப் படகு. "தண்ணீரை அம்புபோல் கிழித்துக்கொண்டு போகும்" என்றார் விற்றவர். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அது அம்புபோலத்தான் போயிற்று. ஆனால் அம்பின்மேல் அமர்ந்து மீன் பிடிப்பது எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அணைக்குப் போனோம். முக்கால் மணி நேரம் எல்லாம் இன்பமாகவே நடந்தது. பிறகு தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. அதை எடுப்பதற்காக அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். அவ்வளவுதான்; படகு கவிழ்ந்தது. மிதவைச் சட்டையை அவன் அணிந்திருக்கவில்லை. புழுக்கமாக இருக்கிறதென்று அதை மடித்துப் படகுக்குள் பத்திரமாக வைத்திருந்தான்! படகு நிறையத் தண்ணீர் புகுந்துவிட்டது. ஏற முயன்றான், மறுபடி கவிழ்ந்தது. நான்கு முறை முயன்றான். நான்கு முறையும் தோல்வி. காற்று வேறு கிளம்பிப் படகைக் கரையிலிருந்து அப்பால் தள்ளத் தொடங்கியது. நீச்சல் அறியாத நான் கரையில் நின்றுகொண்டு கத்தினேன். வேறு என்ன செய்ய முடியும்?

நல்ல காலமாக, அணையில் வலை போட்டுக்கொண்டிருந்த மீனவர் இருவர் தங்கள் தெர்மகோல் தெப்பத்தைச் செலுத்திக்கொண்டு வந்து அவனை மீட்டார்கள். அவர்களில் முதியவர், அவன் மூச்சு வாங்கி முடிக்கும் வரையில் பொறுத்திருந்து, மராட்டியில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "படகில் உட்காரக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாய், தம்பி, விழக் கற்றுக்கொள்ளாமல் வந்துவிட்டாயே!"

அன்று வீட்டிலே என் மனைவி மீன் குழம்புக்கு மசாலா அரைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தம்பியின் ஈரத் துணியைப் பார்த்து, "மழையா?" என்று கேட்டாள். "ஆமாம்" என்றோம். அவளிடம் உண்மையைச் சொல்ல எங்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று.

முதற் கயாக்கைப் பற்றி நான் சொல்லக்கூடியதெல்லாம் அந்த முதியவரின் வார்த்தைக்குள் அடங்கிவிடுகிறது. வேகமான படகா, அழகான படகா என்பதெல்லாம் பிற்பாடு. நீரில் விழுந்தபின் பிறர் உதவியின்றி நீங்கள் மீண்டும் ஏறக்கூடிய படகு எதுவோ, அதுவே உங்கள் முதற் படகு.

உள்ளே அமர்வதும் மேலே அமர்வதும்

கயாக் வடதுருவப் பகுதியில் பிறந்த படகு. அங்கே வாழும் இனூயிட் மக்கள், கடலில் மிதந்துவரும் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி, வேட்டைக்காக இதை அமைத்துக்கொண்டார்கள். பனி நீர் உடலில் படாதபடி, ஒருவர் இடுப்பளவுக்கு மட்டும் உள்ளே நுழைந்து அமரும் வாயை வைத்தார்கள். படகு அவர்களுக்குச் சட்டைபோலப் பொருந்தியது. கவிழ்ந்தால் வெளியே வராமலே துடுப்பினால் ஒரு வீச்சு வீசி நிமிர்ந்துவிடும் வித்தையையும் பயின்றார்கள். அந்த வித்தை தெரிந்தவர்களுக்கு அந்தப் படகு பொருத்தமே.

நம் நாட்டுக் குளத்திலும் ஏரியிலும் நிலைமை வேறு. உள்ளே அமரும் படகு கவிழ்ந்தால் நூறு லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர்கூட அதற்குள் புகுந்துவிடக்கூடும். அதை இறைத்து வெளியேற்றாமல் படகு நிலைகொள்ளாது. நீந்திக்கொண்டே இறைப்பதோ புதியவரால் ஆகாத காரியம். மஞ்சள் படகில் நடந்தது இதுதான்.

1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையிலே மேலே அமரும் கயாக் தோன்றியது. இதில் புகுவதற்கு வாய் கிடையாது. மூடிய உடலின்மேல் குழிவாக இருக்கும் தளத்தில் அமர்கிறோம். தளத்திலிருந்து அடிவரை ஊடுருவிச் செல்லும் துளைகள் சில உண்டு. மேலே விழும் தண்ணீர் அவற்றின் வழியே தானாக வடிந்துவிடுகிறது. இதைப் படித்ததும் தமிழ் அன்பர்களுக்குக் கட்டுமரம் நினைவுக்கு வரும். கட்டுமரத்தையும் யாரும் தண்ணீரால் நிரப்பி மூழ்கடித்துவிட முடியாது. அலை மேலே ஏறும், இடுக்குகளின் வழியே இறங்கும். ஆள் விழுந்தால் பற்றி ஏறிக்கொள்வான். சென்னைக் கடற்கரையில் நம் பாட்டனார் காலத்தில் கண்ட நியாயமே இங்கே பிளாஸ்டிக்கில் மறு உருவம் எடுத்திருக்கிறது.

ஆகவே, முதற்படகு வாங்குபவர் மேலே அமரும் வகையையே வாங்குக. இடுப்புக்குக் கீழே நனையும் என்பது இதன் குறை. மீன் பிடிக்கப் போகிறவருக்கு அது ஒரு குறையா?

நீளமும் அகலமும்

படகு நீண்டு ஒடுங்கியிருந்தால் விரைவாகவும் நேராகவும் ஓடும். குறுகி அகன்றிருந்தால் எளிதில் திரும்பும், அசையாமல் நிற்கும். ஆனால் துடுப்புப் போட அதிக வலிவு வேண்டும். கடலில் நெடுந்தூரம் போவதற்கான கயாக்குகள் பதினாறு பதினேழு அடி நீளமும் இரண்டடிக்குக் குறைந்த அகலமும் கொண்டவை. பாறைகளுக்கிடையே பாயும் ஆற்றில் விளையாடுவதற்கானவை ஒன்பது அடிக்கும் குறைந்தவை. இவை இரண்டும் நமக்கு உதவா.

ஏரியிலும் அணைத் தேக்கத்திலும் மெதுவாக ஓடும் ஆற்றிலும் மீன் பிடிப்பவருக்கு 10 முதல் 12 அடி வரை நீளமும், 30 முதல் 34 அங்குலம் வரை அகலமும் பொருத்தமானவை. சிறிய ஏரியானால் பத்தடி போதும். காற்று வீசும் பெரிய நீர்த்தேக்கமானால் பன்னிரண்டு அடியை நாடலாம். நின்றுகொண்டு தூண்டில் வீச ஆசைப்படுபவர் 34 அங்குலத்துக்கும் மேற்பட்ட அகலத்தைத் தேட வேண்டும். ஆனால் முதல் வருஷத்தில் அந்த ஆசை வேண்டா.

இருக்கையின் உயரத்தையும் கவனியுங்கள். நாற்காலிபோல் உயர்ந்த இருக்கை முதுகுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் ஆள் எவ்வளவு உயரத்தில் அமர்கிறாரோ அவ்வளவுக்குப் படகு தள்ளாடும். உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய இருக்கை கிடைத்தால், பழகும் வரையில் தாழ்த்தியே வைத்துக்கொள்ளலாம்.

பாரக் கணக்கு

ஒவ்வொரு கயாக்குக்கும் அது தாங்கும் பாரம் இவ்வளவு என்று செய்தவர்கள் குறித்திருப்பார்கள். அந்த எண்ணை முழுமையாக நம்பிவிடக் கூடாது. அது மூழ்காமல் இருப்பதற்கான எல்லை. நன்றாக ஓடுவதற்கான எல்லையன்று. குறித்த பாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்குமேல் ஏற்றாமலிருப்பதே அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வழக்கம்.

ஓர் உதாரணம் பாருங்கள். உங்கள் எடை 75 கிலோ. தூண்டில், பெட்டி, நங்கூரம், குடிநீர், சோற்று டப்பா எல்லாம் சேர்ந்து 15 கிலோ. ஆக 90 கிலோ. இதை எழுபது பங்கு என்று கொண்டால், படகு குறைந்தது 130 கிலோவாவது தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பாரம் மிகுந்துவிட்டால், தண்ணீரை வடிக்கவேண்டிய துளைகளே தண்ணீரை மேலே கொண்டுவந்துவிடும்! "கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறேன்" என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் அன்பர்கள் கடைக்குப் போகுமுன் எடைக்கருவியின்மேல் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

வீட்டில் எங்கே வைப்பது?

கடைக்காரர் கேட்காத கேள்வி இது. மனைவி முதலில் கேட்கும் கேள்வியும் இதுவே. சொந்த ஊரில் நமக்குத் திண்ணையும் கொல்லைப்புறமும் இருந்தன. இங்கே நான்காவது மாடியில் இரண்டு அறை. அவற்றுள் ஒன்றின் நீளமே பன்னிரண்டு அடி. படகை உள்ளே வைத்தால் நாம் வெளியே படுக்க வேண்டியதுதான். மின்தூக்கியில் அது நுழையாது. மாடிப்படித் திருப்பத்தில் வளையாது. கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வைப்பதென்றால் குடியிருப்புச் சங்கத்துக் காரியதரிசியின் அனுமதி வேண்டும். அதைப் பெறுவது மீன் பிடிப்பதைக் காட்டிலும் கடினம். இவ்வளவையும் வாங்குவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

எடையும் இதைச் சேர்ந்ததே. இக்காலத்துக் கயாக்குகள் பெரும்பாலும் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. அதன் தூளை ஓர் அச்சுக்குள் இட்டு, அச்சைச் சுழற்றிக்கொண்டே சூடேற்றி, ஒட்டில்லாத ஒரே உடலாக வார்க்கிறார்கள். பாறையில் உரசினாலும் உடையாது. ஆனால் இலேசானதன்று. மீன் பிடிக்கும் படகுகள் 25 முதல் 40 கிலோ வரை இருக்கும். வெறுங்கையுடன் தூக்கிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ஐந்து மணி நேரம் வெயிலில் துடுப்புப் போட்டுக் களைத்தபின், சேற்றுக் கரையில் அதை இழுத்துக்கொண்டு வந்து, காரின் கூரைமேல் தனியாக ஏற்ற முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். முடியாதென்றால் அந்தப் படகு வீட்டிலேயே தங்கிவிடும்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாற்றப்படும் உத்தியோகஸ்தர்களுக்கும், சொந்தக் கார் இல்லாதவர்களுக்கும் காற்றடைக்கும் கயாக் ஒரு வழி. மடித்தால் ஒரு மூட்டை, கட்டிலுக்கடியில் அடங்கும். பல அறைகளாகப் பிரித்துக் காற்றடைக்கும் கெட்டியான வகையையே வாங்க வேண்டும். கடற்கரைப் பொம்மைக் கடையில் கிடைப்பதை வாங்கலாகாது. இவ்வகைப் படகு காற்றில் இலேசாக அடித்துச் செல்லப்படும். தூண்டில் முள்ளையும் கருவேல முள்ளையும் கண்டு எப்போதும் அஞ்சிக்கொண்டிருக்கவும் வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நன்றாக உலர்த்தாமல் மடித்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

துடுப்பும் மிதியும்

காலால் மிதித்துச் செலுத்தும் கயாக்குகளும் இப்போது உள்ளன. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோபி நிறுவனம், பென்குவின் பறவையின் சிறகடிப்பைப்போல் அசையும் மிதி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பின்பு பிறரும் பலவிதமாகச் செய்தார்கள். கால் படகைச் செலுத்த, இரு கைகளும் தூண்டிலுக்கு ஓய்வாக இருப்பது பெரிய சௌகரியமே. ஆனால் விலையும் எடையும் மிகுதி. தவிரவும், நம் ஏரிகளைப் பாழாக்கும் ஆகாயத் தாமரை மிதிச் சிறகில் சுற்றிக்கொண்டால் பெரிய தொல்லை. முதற் படகுக்குத் துடுப்பே போதும். துடுப்புப் போடக் கற்றவருக்கு மிதி பிறகு எளிது.

துடுப்பு மலிவாக இருக்கட்டும் என்று எண்ணாதீர்கள். நாள் முழுதும் கையில் இருப்பது அதுதான். அகன்ற படகுக்கு 240 முதல் 260 சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இருமுனைத் துடுப்பு வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு வீச்சிலும் முழங்கை படகின் விளிம்பில் இடிக்கும். துடுப்பைப் படகுடன் ஒரு கயிற்றால் பிணைத்துவிடுங்கள். துடுப்பில்லாத படகு வெறும் சருகு.

கையிலுள்ள பணம் முழுவதையும் படகுக்கே செலவிடலாகாது. நாலில் ஒரு பங்கையாவது துடுப்புக்கும் மிதவைச் சட்டைக்கும் ஒதுக்குங்கள். பழைய படகை வாங்கிப் புதிய சட்டை வாங்குபவர் அறிவாளி. புதிய படகை வாங்கிச் சட்டையைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்பவர் என் மைத்துனனுக்குத் தம்பி. நீந்தத் தெரிந்து கரையோரமாகவே இருப்பவருக்கு 50 நியூட்டன் மிதப்பாற்றல் கொண்ட சட்டை ஏற்றது. நீச்சலில் தேர்ச்சி இல்லாதவருக்கு 100 நியூட்டன் வேண்டும். சட்டைமேலே இவ்வெண் குறிக்கப்பட்டிருக்கும், பார்த்து வாங்குக. நீச்சல் அறியாதவர், கயாக்குக்கு முன் நீச்சல் பயில்வதற்குப் பணம் கட்டுவதே முறை. ஐம்பதைத் தாண்டிய நானே அவ்வாறு கட்டிப் பயின்றேன்.

பழைய படகு வாங்குவோருக்கு

பழைய படகைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். கரையில் இழுத்து இழுத்து அடிப்பாகத்தின் பின்முனை தேய்ந்திருக்கும். வடிதுளைகளைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பாலிஎதிலீன் பசைக்கு ஒட்டாது. சூடேற்றித்தான் பற்றவைக்க வேண்டும். வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்து நிறம் வெளுத்த படகு, உள்ளுரமும் இழந்திருக்கும். முடிந்தால் அரை மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, பிறகு தூக்கி ஆட்டுங்கள். உள்ளே 'களுக்' என்று சத்தம் கேட்டால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டா. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

நீரை அறிந்தவரைக் கேளுங்கள்

நாம் பிற மாநிலத்தில் வாழ வந்தவர்கள். இங்குள்ள நீரை நம்மைவிட அதில் பிழைப்பவர்கள் நன்கு அறிவார்கள். பல நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கும் உரிமை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. அவர்களிடமும் அணை அதிகாரிகளிடமும் அனுமதி பெறாமல் இறங்கலாகாது. வனவிலங்குச் சரணாலயங்களில் இறங்கவே எண்ண வேண்டா. வடோதரா நகரின் ஊடே ஓடும் விசுவாமித்திரி போன்ற ஆறுகளில் முதலைகள் வாழ்கின்றன என்பதையும் வடக்கே உள்ள அன்பர்கள் மறவாதிருப்பார்களாக.

அணைத் தேக்கத்தின் அடியில் ஒரு காலத்தில் ஊர்கள் இருந்தன. உஜனி நீர்த்தேக்கத்தில் நீர் வற்றும்போது பளஸ்தேவ் என்னும் ஊரின் பழைய கோயில் வெளிப்படுவதை இப்பகுதியினர் அறிவார்கள். அதுபோல் எத்தனையோ சுவர்களும் மரக்கட்டைகளும் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. அவை எங்கே என்பதை வலைக்காரர்தாம் சொல்ல முடியும். சித்திரை, வைகாசியில் இங்கே பிற்பகலில் திடீரென்று இடிமழைக் காற்று எழும். பகல் பன்னிரண்டுக்குள் கரை சேர்ந்துவிட வேண்டும். மழைக்காலத்தில் மதகு திறக்கும் அணைப் பக்கமே போகலாகாது. ஓடும் நீரில் படகின் பக்கவாட்டிலிருந்து நங்கூரம் இறக்கினால் நீர் படகைப் புரட்டிவிடும். புதியவர் தேங்கிய நீரில் மட்டும் நங்கூரத்தைப் பயன்படுத்துவதே நன்று.

விழும் ஒத்திகை

படகு வந்துவிட்டது. உடனே தூண்டிலை எடுக்காதீர்கள். முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். கரையோரத்தில், மார்பளவு நீரில், மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, நீந்தத் தெரிந்த ஒருவர் அருகில் நிற்க, நீங்களே படகைக் கவிழ்த்து விழுங்கள்.

விழுந்ததும் படகை விட்டுவிடாதீர்கள். அது குப்புறக் கிடந்தால், அதன் அடிப்புறத்தின்மேல் எட்டி எதிர்விளிம்பைப் பற்றி, உங்கள் பாரத்தைப் பின்னோக்கிச் சாய்த்து இழுத்தால் நிமிர்ந்துவிடும். பிறகு நடுவில் இருக்கைக்கு நேராக வந்து, இரு கைகளையும் குறுக்கே நீட்டிப் பற்றுங்கள். கால்களைத் தொங்கவிடாமல், நீர்ப்பரப்பில் நீந்துவதுபோல் உதைத்துக்கொண்டே வயிற்றைப் படகின்மேல் ஏற்றுங்கள். வயிறு ஏறியதும் பாதி வேலை முடிந்தது. மெதுவாகப் புரண்டு இருக்கையில் அமர்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து முறை இலகுவாக வந்துவிட்டால், கால் எட்டாத நீரில் துணையுடன் மறுபடி செய்து பாருங்கள். எத்தனை முயன்றும் ஏற முடியவில்லையென்றால், அந்தப் படகு உங்களுக்குரியதன்று. கூடுமானால் வாங்குவதற்கு முன்பே, நண்பருடைய படகிலோ வாடகைப் படகிலோ இச்சோதனையைச் செய்துவிடுவது உத்தமம்.

மஞ்சள் படகை என் மைத்துனன் நஷ்டத்துக்கு விற்றுவிட்டான். இப்போது அவனிடம் இருப்பது பத்தரை அடி நீளமும் 33 அங்குல அகலமும் கொண்ட மேலே அமரும் படகு. நிறம் வெளுத்த பச்சை. பார்க்க எருமைக் கன்றுபோல் இருக்கும். அம்புபோல் அது போகாது. ஆனால் அதிலிருந்து விழுந்து அவன் ஏறுவதை நான் பத்துத் தடவைக்குமேல் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆகவே கரையில் அமர்ந்து என் தூண்டிலை நான் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடிகிறது.

புறப்படும்போது அவன் எங்கே போகிறான், எத்தனை மணிக்குக் கரை சேருவான் என்பதை ஒரு தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறான். அது அவனுடைய அக்காள் இட்ட சட்டம். திரும்பி வந்ததும் மற்ற வீடுகளில் "மீன் கிடைத்ததா?" என்று கேட்பார்கள். எங்கள் வீட்டில் முதற் கேள்வி, "சட்டையைக் கழற்றாமல் இருந்தாயா?" என்பதுதான். அதற்குச் சரியான பதில் வந்தபிறகுதான் அம்மியில் மசாலா ஏறுகிறது.